தமிழில் உயிரியல் அறிவைச் சோதித்தல்: மரபியல், மூலக்கூறு உயிரியல், பரிணாம வினாக்களில் மொழியின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

மரபியல், மூலக்கூறு உயிரியல், பரிணாமம் ஆகிய மூன்று துறைகளிலும் மாணவர் பெற்றுள்ள அறிவைச் சோதிக்கும் வினாக்கள், அவர்தம் நினைவாற்றலை மட்டும் அளக்கின்றனவா, புரிதலையும் அளக்கின்றனவா என்பது கடந்த முப்பதாண்டுகளாக உயிரியல் கல்வி ஆய்வில் விவாதிக்கப்பட்டு வருகிறது. அவ்விவாதத்தின் விளைவாக உருவான கருத்துருச் சோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றைத் தமிழாக்கும்போதும், தமிழிலேயே புதிய வினாக்களை இயற்றும்போதும், தமிழ்க் கலைச்சொற்களும் இலக்கண அமைப்பும் வினாவின் பொருளில் இடையிடுகின்றன. ‘கொள்’ என்னும் துணைவினை, ‘ஓங்கு’, ‘சடுதி மாற்றம்’ முதலிய கலைச்சொற்கள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, அவ்விடையீட்டின் இயல்பையும் அதனைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கருத்துருச் சோதனை, பிழைக்கருத்து, இயற்கைத் தேர்வு, ஓங்குதன்மை, கலைச்சொல், வினா மொழிபெயர்ப்பு.

முன்னுரை

2018ஆம் ஆண்டு மே மாதம் நடைபெற்ற மருத்துவப் படிப்புக்கான தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வில் (நீட்) பரிணாமம் குறித்த ஒரு வினா இடம்பெற்றது. விரி பரிணாமத்துக்குப் பொருந்தாத எடுத்துக்காட்டைத் தெரிவு செய்யுமாறு அவ்வினா கேட்டது. மனிதன், வௌவால், சீட்டா என்னும் வேகமிகு வேட்டை விலங்கு ஆகியவற்றின் முன்னங்கால்கள், இதயம், மூளை என மூன்று தெரிவுகளும், எண்காலி, வௌவால், மனிதன் ஆகியவற்றின் கண் என நான்காவது தெரிவும் தரப்பட்டிருந்தன. நான்காவதே விடை. பாலூட்டிகளின் உறுப்புகள் பொது மூதாதையிடமிருந்து வந்தவை. எண்காலியின் கண்ணோ தனி வழியில் தோன்றி, பாலூட்டியின் கண்ணை ஒத்திருப்பது.

அவ்வாண்டின் தமிழ் வினாத்தாளில் இருந்த பிழைகளை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கின்போது, விலங்கின் பெயர் ‘சிறுத்தை’ எனப்படாமல் ‘சீத்தா’ என ஒலிபெயர்க்கப்பட்டிருந்தது என்னும் செய்தி பரவலாகப் பேசப்பட்டது. தமிழ் மாணவருக்குச் ‘சீத்தா’ என்பது ஒரு பழத்தின் பெயர். ‘சிறுத்தை’ என்று பெயர்த்திருந்தாலும் அது துல்லியமாகியிராது. சிறுத்தை வேறோர் இனம். தமிழில் இவ்விலங்குக்குச் ‘சிவிங்கி’ என்னும் பழைய பெயரே உண்டு. 49 வினாக்களில் பிழை உள்ளதாகக் கொண்டு, வினாவுக்கு 4 மதிப்பெண் வீதம் 196 கருணை மதிப்பெண்கள் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 ஜூலையில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் அவ்வாணைக்கு இடைக்காலத் தடை விதித்து, நவம்பரில் அதனை நீக்கியது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது அத்தேர்வின் விதி. தமிழில் தேர்வெழுதியோர் 24,000-க்கும் மேற்பட்டோர்.

இவ்வழக்கில் வெளிப்பட்டவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். பிழையற்ற தமிழில் எழுதப்பட்ட வினாவும் அளக்க வேண்டியதை அளக்காமல் போகக்கூடும். அவ்வாறான கண்ணுக்குத் தெரியாத பிழைகளே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. நினைவும் புரிதலும்

‘இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை வெளியிட்டவர் யார்?’, ‘டி.என்.ஏ. இழையில் அடினினுடன் இணையும் காரம் எது?’ என்பன போன்ற வினாக்களுக்கு விடையளிக்க நினைவு போதும். விடை சரியாக இருப்பதால் இயற்கைத் தேர்வு நிகழும் முறையையோ கார இணைவின் விளைவையோ மாணவர் அறிந்திருக்கிறார் என்று முடிவு செய்ய இயலாது.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக வெளிக்கொணர்ந்த ஆய்வுகளுள் ஒன்று, பெத் பிஷப், சார்லஸ் ஆண்டர்சன் ஆகிய இருவரும் 1990இல் வெளியிட்டது. கல்லூரி மாணவரிடம் அவர்கள் எழுப்பிய வினாக்களுள் ஒன்றில் மேற்கூறிய சிவிங்கியே இடம்பெற்றது. மணிக்கு 60 மைலுக்கும் மேலான வேகத்தில் ஓடும் சிவிங்கியின் மூதாதையர் 20 மைல் வேகத்திலேயே ஓடியிருப்பின், இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்திருக்கும் என்று உயிரியலாளர் விளக்குவார் என்பது வினா. ‘இரையைப் பிடிக்க வேகம் தேவைப்பட்டது, ஆகவே வேகம் வந்தது’ என்னும் போக்கில் அமைந்த விடைகள் மிகுதியாகக் கிடைத்தன. முன்னர் எத்தனை உயிரியல் பாடங்கள் பயின்றிருந்தனர் என்பதற்கும் விடையின் தரத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. தேர்வுகளில் தேறி வந்த மாணவர், அத்தேர்வுகள் தீண்டாத பிழைக்கருத்துகளையும் உடன் சுமந்து வந்திருந்தனர்.

இத்தகைய பிழைக்கருத்துகளைத் திட்டமிட்டு வெளிக்கொணரும் கருவியே கருத்துருச் சோதனை. இயற்பியலில் ஹெஸ்டினிசும் உடனாய்வாளரும் 1992இல் வெளியிட்ட விசைக் கருத்துருச் சோதனை இதற்கு முன்னோடி. உயிரியலில் ஆண்டர்சன், ஃபிஷர், நார்மன் ஆகியோர் 2002இல் உருவாக்கிய இயற்கைத் தேர்வுச் சோதனை 20 வினாக்களைக் கொண்டது. கலாபகசுத் தீவுகளின் குருவிகள், வெனிசுவேலாவின் கப்பி மீன்கள், கேனரித் தீவுகளின் பல்லிகள் என மூன்று உண்மைச் சூழல்களை அடிப்படையாகக் கொண்டது. மிஷெல் ஸ்மித், வில்லியம் வுட், ஜெனிஃபர் நைட் ஆகியோர் 2008இல் வெளியிட்ட மரபியல் கருத்துருச் சோதனை 25 வினாக்களால் ஆனது. இச்சோதனைகளின் பொதுப் பண்பு ஒன்றுண்டு. தவறான விடைத்தெரிவுகளை வினா இயற்றுவோர் தம் கற்பனையால் நிரப்புவதில்லை. மாணவர் நேர்காணலில் தம் சொற்களால் வெளிப்படுத்திய பிழைக்கருத்துகளையே தெரிவுகளாக அமைக்கின்றனர். ஆகவே மாணவர் தேர்ந்த தவறான விடையும் அவர் சிந்தனையைப் பற்றிய ஒரு தகவலாகிறது.

தமிழுக்கான சிக்கலும் இப்பண்பிலேயே தொடங்குகிறது. தவறான விடைத்தெரிவுகள் ஆங்கிலம் பேசும் மாணவரின் சொற்களிலிருந்து பிறந்தவை. தமிழில் சிந்திக்கும் மாணவரின் பிழைக்கருத்துகள் தமிழ்ச் சொற்களின் வழியே உருப்பெறுகின்றன. இவ்விரண்டும் ஒன்றே என்று சான்றின்றிக் கொள்ள இயலாது.

2. பரிணாமம்: ‘கொள்’ என்னும் துணைவினையும் ஒருமைப் பெயரும்

‘உயிரினங்கள் சூழலுக்கேற்பத் தம்மைத் தகவமைத்துக்கொள்கின்றன’ என்னும் தொடர் தமிழ்ப் பாடநூல் நடையில் மிக இயல்பானது. இதிலுள்ள ‘கொள்’ என்னும் துணைவினை, வினையின் பயன் வினைமுதலையே சேர்வதை உணர்த்துவது. ‘மாற்றினான்’ என்பதற்கும் ‘மாற்றிக்கொண்டான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழர் எவருக்கும் விளங்கும். இத்துணைவினை உயிருள்ள எழுவாயோடு சேரும்போது, முயன்று தனக்காகச் செய்தல் என்னும் பொருள் மேலோங்குகிறது. இயற்கைத் தேர்வைப் பற்றிய முதன்மையான பிழைக்கருத்தும் இதுவே: தனி உயிரி தன் தேவை கருதித் தன்னை மாற்றி, அம்மாற்றத்தை வழித்தோன்றல்களுக்கு அளிக்கிறது என்பது.

இதனுடன் இணைந்தது பொதுமை குறித்த ஒருமை வழக்கு. ‘குருவியின் அலகு பெரிதாயிற்று’ என்று தமிழில் கூறினால் அது ஒரு குருவியையும் குறிக்கலாம், குருவியினத்தையும் குறிக்கலாம். கலாபகசின் டாஃப்னே மேஜர் தீவில் 1977ஆம் ஆண்டு வறட்சியின்போது நிகழ்ந்ததைப் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் ஆகியோரின் ஆய்வுக்குழு பதிவு செய்துள்ளது. சிறிய விதைகள் தீர்ந்து, பெரிய கடின விதைகளே எஞ்சின. நடுத்தரத் தரைக்குருவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 85 விழுக்காடு குறைந்தது. பிழைத்தவற்றுள் தடித்த அலகுடையவை மிகுந்திருந்தன. அவற்றின் குஞ்சுகளும் தடித்த அலகைப் பெற்றிருந்தன. எந்தக் குருவியின் அலகும் வறட்சியினால் வளரவில்லை. தடித்த அலகுடைய குருவிகளின் விகிதமே கூடியது. ‘அலகு பெரிதாயிற்று’ என்னும் ஒருமைத் தொடர் இவ்வுண்மையை மறைத்து, வளர்ச்சி என்னும் தோற்றத்தைத் தருகிறது.

வினாத்தாளில் இதன் விளைவைப் பின்வரும் இரு வடிவங்களை ஒப்பிட்டு அறியலாம்.

வடிவம் 1: பூச்சிக்கொல்லி தொடர்ந்து தெளிக்கப்பட்ட வயலில் பூச்சிகள் எதிர்ப்பாற்றலை எவ்வாறு வளர்த்துக்கொண்டன?

வடிவம் 2: ஒரு வயலில் பூச்சிக்கொல்லி முதன்முறை தெளிக்கப்பட்டபோது 100 பூச்சிகளுக்கு 2 மட்டுமே தப்பின. பல தலைமுறைகளுக்குப் பின் அதே அளவு தெளித்தபோது 100-க்கு 60 தப்பின. இவ்வேறுபாடு எவ்வாறு ஏற்பட்டது?

முதல் வடிவம் பிழைக்கருத்தைத் தானே மாணவரிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்னர் அதனை எழுதியதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கிறது. இரண்டாம் வடிவம் நிகழ்வை மட்டும் கூறி, காரணத்தை மாணவரிடம் விடுகிறது. முதலிலேயே தப்பிய 2 பூச்சிகளை விடையில் பயன்படுத்துகிறாரா என்பதைக் கொண்டு, மக்கள்தொகை நோக்கில் அவர் சிந்திக்கிறாரா என்பதை அறியலாம்.

இவ்விடத்தில் எதிர்முனைப் பிழை ஒன்றையும் தவிர்த்தல் வேண்டும். மாணவரின் விடையில் ‘கொள்’ வந்துவிட்டதால் மட்டுமே அவர் பிழைக்கருத்துடையவர் என்று முடிவு செய்யலாகாது. ‘காற்றில் கதவு சாத்திக்கொண்டது’ என்பதில் கதவுக்கு முயற்சியுமில்லை, நோக்கமுமில்லை. நோக்கமற்ற தன்னிகழ்வையும் இத்துணைவினை உணர்த்தும். ஆங்கிலத்திலும் இதற்கிணையான சிக்கல் உண்டு. தேவை, அழுத்தம், தகவமைதல் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை மாணவர் அன்றாடப் பொருளில் கையாள்கின்றனரா, துறைப்பொருளில் கையாள்கின்றனரா என்பதை ராஸ் நெம் முதலியோர் தனியே ஆராய்ந்துள்ளனர். சொல்லைக் கொண்டு கருத்தை ஊகிக்காமல், ‘நீங்கள் கூறும் மாற்றம் ஒரே பூச்சியின் வாழ்நாளில் நிகழ்ந்ததா, தலைமுறைகளுக்கிடையே நிகழ்ந்ததா?’ என்னும் தொடர்வினாவால் தெளிவு பெறுதலே முறை.

3. மரபியல்: ஓங்குதலும் ஆட்சியும்

மெண்டலியப் பண்புகளைக் குறிக்கத் தமிழ்நாட்டில் ‘ஓங்கு’, ‘ஒடுங்கு’ என்னும் சொற்களும், இலங்கையில் ‘ஆட்சியுடைய’, ‘பின்னிடைவான’ என்னும் சொற்களும் வழங்குகின்றன. இரு வேறு அல்லீல்கள் ஓருயிரியில் ஒருங்கிருக்கும்போது எது வெளிப்படுகிறது என்பதே இச்சொற்களின் துறைப்பொருள். வலிமை, மிகுதி, மேன்மை ஆகியவற்றுக்கும் இப்பொருளுக்கும் தொடர்பில்லை. ஆயினும் ‘ஓங்கு’ என்பது உயர்தலையும் பெருகுதலையும், ‘ஆட்சி’ என்பது அடக்கி ஆளுதலையும் அன்றாட வழக்கில் உணர்த்துகின்றன. ஓங்கு பண்பே மக்களிடையே மிகுதியாக இருக்கும் என்னும் பிழைக்கருத்துக்கு இச்சொற்கள் துணைபோகின்றன.

இப்பிழை மாணவருக்கு மட்டும் உரியதன்று. குட்டை விரல் என்னும் ஓங்கு பண்பு மக்கள்தொகையில் ஏன் பெருகிக்கொண்டே செல்லவில்லை என்பதைப் பற்றி 1908இல் புள்ளியியலாளர் யூல் எழுப்பிய கருத்தை, மரபியலாளர் பன்னெட் தம் நண்பரும் கணித அறிஞருமான ஹார்டியிடம் எடுத்துச் சென்றார். எளிய இயற்கணிதத்தால் அதற்கு ஹார்டி அளித்த விடையும், அதே ஆண்டில் ஜெர்மனியில் வைன்பெர்க் தனித்துக் கண்டதும் சேர்ந்தே ஹார்டி–வைன்பெர்க் விதி எனப்படுகின்றன. ஓங்குதன்மை அல்லீலின் விகிதத்தைக் கூட்டுவதுமில்லை. குறைப்பதுமில்லை என்பது அதன் சாரம்.

இதனைச் சோதிக்க இரு சான்றுகளை வினாவாக்கலாம். ஹன்டிங்டன் நோய் ஓங்கு அல்லீலால் வருவது, ஆயினும் அரியது. ஏ.பி.ஓ. குருதி வகையில் ஓ வகை ஒடுங்கு பண்பு. ஆயினும் உலகின் பல பகுதிகளில் மிகுதியாகக் காணப்படுவது. இவ்விரண்டையும் தந்து, ‘ஒரு பண்பு ஓங்கு பண்பு என்பதைக் கொண்டு மக்களிடையே அதன் மிகுதியைக் கூற இயலுமா?’ என்று வினவினால், வரையறையை மனனம் செய்த மாணவரும் பொருளறிந்த மாணவரும் வேறுபட்டுத் தெரிவர்.

விகிதத்தைப் பற்றிய வினாவும் இவ்வாறே. ஒடுங்கு அல்லீலை மறைவாகத் தாங்கிய பெற்றோர் இருவருக்கு நோயற்ற மூன்று குழந்தைகள் பிறந்துள்ளன எனில், நான்காம் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு யாது? ‘நான்கில் ஒன்று’ என்பதே விடை. 3:1 என்னும் விகிதத்தை மனனம் செய்தவர், மூன்று முடிந்ததால் நான்காவது உறுதியாக நோயுறும் என்று எண்ண இடமுண்டு. தமிழில் ‘நான்கில் ஒரு குழந்தைக்கு நோய் வரும்’ என்று எழுதினால், அது நான்கு குழந்தைகளுக்கான கணக்காகவே ஒலிக்கும். ‘ஒவ்வொரு பிறப்பிலும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று’ என்பதே திருத்தமான தொடர். நெருங்கிய உறவில் மணம்புரியும் வழக்கமுள்ள தமிழ்ச் சமூகத்தில், இத்தொடரின் பொருள் தேர்வறையோடு முடிந்துவிடுவதன்று. மரபியல் ஆலோசனை பெறும் பெற்றோர் தம் அடுத்த குழந்தையைப் பற்றி எடுக்கும் முடிவும் இதனைச் சார்ந்தது.

4. மூலக்கூறு உயிரியல்: ‘நிறுத்தம்’ எதை நிறுத்துகிறது?

மரபுக் குறியீட்டின் 64 கோடான்களுள் 61 அமினோ அமிலங்களைக் குறிப்பன. யுஏஏ, யுஏஜி, யுஜிஏ என்னும் மூன்றும் நிறுத்தக் கோடான்கள். இவ்வெண்களை மாணவர் எளிதில் ஒப்பிப்பர். ஆனால் மரபணுவின் நடுவில் நிறுத்தக் கோடான் தோன்றினால் எந்நிகழ்வு நிற்கும் என்று கேட்டால், படியெடுத்தலே அங்கு நின்றுவிடும் என்று விடையளிப்போர் பலர் என்பதை நைட், ஸ்மித் முதலியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. உண்மையில் நிறுத்தக் கோடானை இனங்காண்பது ரைபோசோமில் நிகழும் புரத ஆக்கத்தின்போதே. படியெடுக்கும் நொதி அதனைப் பொருட்படுத்துவதில்லை. ‘நிறுத்தம்’ என்னும் சொல் எதனை நிறுத்துகிறது என்பதைக் கூறாமையே குழப்பத்தின் ஊற்று. ‘புரத நிறுத்தக் கோடான்’ என விரித்துக் கூறின் குழப்பம் தணியும். ஆனால் அப்போது வினாவும் தன் விடையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். கற்பித்தலில் விரித்த சொல்லையும், சோதனையில் சுருங்கிய சொல்லையும் ஆளுதல் பொருத்தமாகும்.

‘மியூட்டேசன்’ என்பதற்கு வழங்கும் சொற்களும் கருதத்தக்கன. தமிழ்நாட்டில் ‘சடுதி மாற்றம்’ அல்லது ‘திடீர் மாற்றம்’, இலங்கையில் ‘விகாரம்’. முன்னது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ டி விரிஸ் முன்வைத்த கருத்தின் சுவடு. மாலைப் பிரிம்ரோஸ் செடிகளில் அவர் கண்ட, ஒரே தலைமுறையில் தோன்றும் பெரிய மாற்றங்களையே அவர் அச்சொல்லால் குறித்தார். இன்றைய பொருளோ டி.என்.ஏ. காரவரிசையில் ஏற்படும் எந்த மாற்றமும் என்பது; அவற்றுள் பல புறத்தே எவ்விளைவையும் காட்டாதவை. பின்னதாகிய ‘விகாரம்’ உருக்குலைவு என்னும் பொருளைத் தாங்கியது. ‘சடுதி’ என்னும் சொல் பெரிய, கண்கூடான மாற்றத்தையும், ‘விகாரம்’ என்னும் சொல் தீய மாற்றத்தையும் நினைவூட்டுகின்றன. ஆகவே ‘எல்லாச் சடுதி மாற்றங்களும் புறத்தோற்றத்தை மாற்றும்’ என்னும் கூற்றைத் தமிழ்நாட்டு மாணவரிடமும், ‘எல்லா விகாரங்களும் தீங்கு பயப்பன’ என்னும் கூற்றை இலங்கை மாணவரிடமும் சோதித்தல் பயனுடையது. ஒரே தமிழில் எழுதப்பட்ட ஒரே வினா, இரு நாட்டு மாணவருக்கும் ஒரே வினாவாக அமைவதில்லை.

5. வினாவின் வடிவம்

ஒரு விடையைத் தெரிவு செய்யும் நான்கு தெரிவு வினாவில், அறியாமலே ஊகித்துச் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மேலும், ஒரு தெரிவைக் குறித்தபின் ஏனையவற்றைப் பற்றி மாணவர் என்ன எண்ணுகிறார் என்பது தெரியவருவதில்லை. இக்குறையைப் போக்கப் பிரையன் கவுச், வுட், நைட் ஆகியோர் 2015இல் வெளியிட்ட மூலக்கூறு உயிரியல் நிறைவுச் சோதனை, ஒவ்வொரு வினாவின் கீழும் பல கூற்றுகளைத் தந்து, ஒவ்வொன்றையும் சரி அல்லது தவறு எனக் குறிக்கச் செய்கிறது. அம்முறையில் அமைந்த தமிழ் வினா பின்வருமாறு இருக்கலாம்.

உட்கருவுடைய ஓர் உயிரணுவில், ஒரு மரபணுவின் குறியீட்டுப் பகுதியின் நடுவில் ஒற்றைக் கார மாற்றத்தால் நிறுத்தக் கோடான் ஒன்று தோன்றியது. கீழ்க்காணும் கூற்றுகள் சரியா, தவறா?

அ) டி.என்.ஏ. இரட்டிப்பாதல் அவ்விடத்தில் நின்றுவிடும்.
ஆ) ஆர்.என்.ஏ. படியெடுத்தல் அவ்விடத்தில் நின்றுவிடும்.
இ) ரைபோசோம் அவ்விடத்தை அடையும்போது அமினோ அமிலத் தொடர் முடிவுறும்.
ஈ) உருவாகும் புரதம் வழக்கமான புரதத்தினும் குறுகியதாக இருக்கும்.

முதலிரண்டும் தவறு, பின்னிரண்டும் சரி. நான்கையும் ஊகத்தால் சரியாகக் குறிக்கும் வாய்ப்பு 16-இல் 1. ‘ஆ’, ‘இ’ இரண்டையும் சரி எனக் குறித்த மாணவர், பாதி அறிவுடையவர் என்பதும், அப்பாதி எது என்பதும் வெளிப்படும். இவ்வினாவின் சொற்களிலும் கவனம் தேவை. இத்தகைய நிறுத்தக் கோடானைக் கொண்ட தூது ஆர்.என்.ஏ.க்களை உட்கருவுடைய உயிரணுக்கள் பின்னர் சிதைப்பதுண்டு. ஆகவே ‘ஆர்.என்.ஏ. பாதிக்கப்படும்’ என்று பொதுப்பட எழுதினால், மேலும் அறிந்த மாணவரே தவறாக விடையளித்தவராகக் கணிக்கப்படுவார். ‘படியெடுத்தல் நின்றுவிடும்’ என நிகழ்வைச் சுட்டியமையால் அவ்விடர் நீங்குகிறது.

விடையோடு காரணத்தையும் தெரிவு செய்யக் கோரும் ஈரடுக்கு வினா மற்றொரு முறை. டேவிட் டிரேகஸ்ட் 1988இல் இதனை முறைப்படுத்தினார். தவறான காரணத்தால் சரியான விடையை அடைந்தோரை இது பிரித்துக் காட்டும்.

6. தமிழ் வினாவைச் சோதித்தல்

மாணவரைச் சோதிக்கும் முன் வினாவைச் சோதித்தல் வேண்டும். அதற்கு நான்கு படிநிலைகள் துணைசெய்யும்.

முதலாவது, இருவழி மொழிபெயர்ப்பு. ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைக் காணாத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது. ‘சீத்தா’ போன்ற பிழைகள் இதில் அகப்படும். ஆனால் ‘வளர்த்துக்கொண்டன’ என்பது தடையின்றி மூலத்துக்கே திரும்பிச் சென்றுவிடுமாதலால், இம்முறை மட்டும் போதாது. பிசா என்னும் பன்னாட்டுத் தேர்வில், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மூலங்களிலிருந்தும் தனித்தனியே மொழிபெயர்த்துப் பின் இணைக்கும் முறை பரிந்துரைக்கப்படுவது இதனால்தான்.

இரண்டாவது, உரக்கச் சிந்தித்தல். சில மாணவரை அமர்த்தி, வினாவைப் படிக்கும்போதே தம் எண்ணத்தைச் சொல்லச் செய்வது. எச்சொல்லில் தயங்குகின்றனர், எச்சொல்லை வேறு பொருளில் கொள்கின்றனர் என்பது இதில் வெளிப்படும். தமிழ் மாணவரின் சொந்தப் பிழைக்கருத்துகளைத் திரட்டவும் இதுவே வழி.

மூன்றாவது, வினாப் பகுப்பாய்வு. 100 மாணவர் எழுதிய தேர்வில், மொத்த மதிப்பெண் அடிப்படையில் உயர்ந்த 27 பேரையும் தாழ்ந்த 27 பேரையும் பிரிப்பதாகக் கொள்வோம். ஒரு வினாவுக்கு முன்னவருள் 20 பேரும் பின்னவருள் 8 பேரும் சரியாக விடையளித்திருப்பின், அவ்வினாவின் எளிமை அளவு 28/54, அதாவது 0.52, வேறுபடுத்தும் திறன் (20–8)/27, அதாவது 0.44. இது நல்ல வினா. உயர்நிலை மாணவரைவிடத் தாழ்நிலை மாணவர் மிகுதியாகச் சரியாக விடையளித்திருப்பின், வேறுபடுத்தும் திறன் எதிர்க்குறி பெறும். அவ்வாறான வினாவில் பெரும்பாலும் விடைக்குறிப்போ மொழியோ பிழைபட்டிருக்கும்.

நான்காவது, மொழிப்பிரிவு ஒப்பீடு. தமிழிலும் ஆங்கிலத்திலும் தேர்வெழுதியோருள் மொத்த மதிப்பெண் ஒத்தவரை ஒப்பிட்டு, குறிப்பிட்ட ஒரு வினாவில் மட்டும் ஒரு பிரிவினர் பின்தங்குகின்றனரா எனக் காண்பது. மேன்டல்–ஹேன்செல் முறை இதற்குப் பரவலாகக் கையாளப்படுகிறது. இதற்கும் ஓர் எல்லையுண்டு. தேர்வின் பெரும்பாலான வினாக்கள் ஒரே திசையில் மொழியால் பாதிக்கப்பட்டிருப்பின், ஒப்பீட்டுக்கு அடிப்படையான மொத்த மதிப்பெண்ணே சாய்ந்துவிடும். சாய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எண்களின் சான்றோடு மாணவரின் சொற்சான்றும் இணைதல் இன்றியமையாதது.

முடிவுரை

சீத்தா எனப் பிழைபட்ட வினாவில், சரியான விடைத்தெரிவில் அச்சொல் இடம்பெறவில்லை. எண்காலியின் கண் தனித்தது என்பதை உறுதியாக அறிந்த மாணவர், ஏனைய தெரிவுகளில் குழப்பம் இருந்தபோதும் விடையைக் கண்டிருக்கக்கூடும். ஆயினும் மனிதன், வௌவால், பழம் என மூன்று தெரிவுகளில் கண்டு திகைத்த மாணவரிடம் அளக்கப்பட்டது பரிணாம அறிவன்று. அச்சுப்பிழையை ஊகித்துக் கடக்கும் திறன். அத்திறன் ஆங்கிலத்தில் எழுதியவரிடம் கோரப்படவில்லை.

இத்தகைய பிழைகளைத் திருத்துவது எளிது. கண்டவுடன் தெரிவன அவை. ‘தகவமைத்துக்கொள்கின்றன’, ‘அலகு பெரிதாயிற்று’, ‘ஓங்கு’, ‘நான்கில் ஒரு குழந்தை’ ஆகியன பிழையற்ற தமிழ். ஆதலால் அவை திருத்துநரின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. இவற்றை மொழியின் குறைபாடு எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒவ்வொரு மொழியும் தன் சொல்வழக்கின் வழியே சில கருத்துகளை எளிதாக்கும், சிலவற்றை மறைக்கும். தமிழ் மறைக்கும் இடங்கள் எவை என்பதை ஆங்கிலச் சோதனைகள் கூற இயலாது. தமிழ் மாணவரின் விடைகளைத் திரட்டி, அவற்றிலிருந்தே விடைத்தெரிவுகளை அமைத்து, தமிழ்நாடு, இலங்கை ஆகிய இரு மரபுக் கலைச்சொற்களையும் கருத்தில் கொண்ட கருத்துருச் சோதனை ஒன்று உருவாகுமாயின், அது மாணவரின் அறிவை அளக்கும் கருவியாக மட்டுமன்றிக் கலைச்சொல்லாக்கத்தின் பயன்பாட்டை அளக்கும் கருவியாகவும் அமையும். உயிரியல் ஆசிரியரும் தமிழ் இலக்கண ஆய்வாளரும் இணைந்து ஆற்ற வேண்டிய பணி இது.